பதினாலு மாசத்துச் சைபர்

நண்டை அளப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஓட்டின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிற முள்ளின் நுனிகளுக்கு நடுவே வெர்னியர் அளவுகோலை வைத்தால் அகலம் வந்துவிடும். அப்புறம் திருப்பிப் போட்டு வயிற்று மடிப்பைப் பார்க்க வேண்டும். குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். பெண் என்றால் சினை இருக்கிறதா, இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறதா, கறுத்துவிட்டதா என்று குறிக்க வேண்டும். தேவிப்ரியா நிமிஷத்துக்கு நாலு நண்டு அளப்பாள். இரண்டு தடவை கொடுக்கில் கடிபட்ட பிறகு வந்த வேகம் அது.

மீமிசலுக்கும் மணமேல்குடிக்கும் நடுவில் இருக்கிற முனையன்பட்டினத்தில், விலங்கியல் படித்துவிட்டு ஊரிலேயே இருந்தவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் அந்த வேலை அவளைத் தேடி வந்தது. ஊரில் நண்டு வாங்குகிற கம்பெனி, நண்டை அவித்து, சதையை உரித்து, டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு வருஷம் அங்கே வாங்குகிறவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். இந்த நண்டைப் பிடிக்கிற கடலில் இன்னும் பத்து வருஷம் கழித்தும் நண்டு இருக்குமா, அதை யாராவது பார்த்துச் சொன்னார்களா? கம்பெனிக்குப் பதில் தெரியவில்லை. தூத்துக்குடியில் இருந்து ஒரு ஆய்வுக் குழுவை அழைத்து வந்தார்கள். ஆண்ட்ரூஸ் என்பவர் தலைமை. ஐம்பது வயது, வெயிலில் கறுத்த கழுத்து, எதையும் இரண்டு தடவை கேட்கிற பழக்கம். நண்டுக்கும் சிங்கி இறாலுக்கும் சேர்த்துக் கணக்கெடுக்க ஒரு உள்ளூர் ஆள் வேண்டும் என்றார். தேவிப்ரியாவின் கையில் ஒரு டேப்லெட்டும் ஒரு வெர்னியரும் வந்து சேர்ந்தன.

ஊருக்கு இரண்டு கரை. தெற்கே மணல் கரையில் நாட்டுப்படகுகள் ஏறி நிற்கும். அறுபது படகு. எல்லாம் நண்டு வலை போடுகிறவை. வடக்கே சிமெண்டு ஜெட்டியில் விசைப்படகுகள். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு போகும், மற்ற நாளில் நாட்டுப்படகு. ஒருவர் வலையில் ஒருவர் ஏறிவிடக் கூடாது என்று பழைய ஏற்பாடு. தேவிப்ரியா பிறந்தது தெற்குக் கரையில். அப்பா நாகராசுக்கு ஒரு ஃபைபர் படகு உண்டு. வாழ்க்கைப்பட்டது வடக்குக் கரையில். கணவன் சேரன் ஒரு விசைப்படகில் ஆறு வருஷம் வலை இழுத்துவிட்டு, அந்த வருஷம்தான் டிரைவராகச் சுக்கான் பிடிக்க ஆரம்பித்திருந்தான்.

முதல் மாசம் தெற்குக் கரையில் யாரும் அவளுக்கு முழுப் பெட்டியைக் காட்டவில்லை. மேலே பெரிய நண்டு, அடியில் சின்னதும் சினையும். "இதை மட்டும் அளந்துட்டுப் போத்தா" என்பார்கள். சினை நண்டு பிடிக்கிறோம் என்று தெரிந்தால் நாளைக்கு என்ன சட்டம் வருமோ என்று பயம். நாகராசுதான் முதலில் தன் பெட்டியை மணலில் கவிழ்த்தார்.

"எல்லாத்தையும் அள. அடியில கெடக்குறதையும் அள."

பக்கத்துப் படகுக்காரர், "ஏண்ணே, நீங்களே தலையைக் குடுக்குறீங்க?" என்றார்.

"டாக்டர்கிட்டப் போயி பாதி நோவை மறைச்சா மருந்து எப்புடிய்யா குடுப்பான்? அஞ்சு வருசத்துக்கு முந்தி நாலு வலை போட்டா ரெண்டு பெட்டி நெறஞ்சுச்சு. இப்ப பத்து வலை போட்டும் ஒன்னு நெறைய மாட்டேங்குது. எங்கிட்டோ ஓட்டை இருக்கு. எங்கிட்டுன்னு தெரிஞ்சாத்தான அடைக்கலாம்? காட்டுங்கய்யா. எம்மகதான் எழுதுறா. நம்ம புள்ள."

அன்றிலிருந்து ஒவ்வொருவராகப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். இரண்டு மாசத்தில் அறுபது படகிலும் யாரும் அவளிடம் எதையும் மறைக்கவில்லை. ஆண்ட்ரூஸ் ஃபோனில், "எந்த ஊர்லயும் எனக்கு இப்படி ஒரு டேட்டா வந்ததில்லம்மா" என்றார். அவளுக்கு அன்று பூராவும் சந்தோஷமாக இருந்தது.

விசைப்படகு ஜெட்டிக்கு அவள் அதற்கப்புறம்தான் போனாள். வாரத்துக்கு இரண்டு நாள் அங்கேயும் போக வேண்டும் என்பது ஆரம்பத்திலேயே சொல்லப்பட்டது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. படகுகள் வந்து இறாலும் கணவாயும் ஏலத்துக்குப் போய்விட்டன. மிச்சமாகக் குவிந்து கிடந்தது சங்காயம். யாரும் சமைக்காத பொடி மீனும் குஞ்சும் கசடும் கலந்த குவியல். கோழித் தீவன ஆலைக்கு லாரியில் போவது. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு குச்சியால் கிளறினாள்.

நண்டுகள். தீப்பெட்டி அளவுக்கு, அதைவிடவும் சின்னதாக. ஓடு இன்னும் இறுகாத நண்டுகள், விரலால் அழுத்தினால் உள்ளே போயின. நடுநடுவே பென்சில் நீளத்தில் சிங்கி இறால் குஞ்சுகள். டேப்லெட் நனைந்துவிடும் என்று ஒரு நோட்டில் எழுதினாள். ஒரே குவியலில் இருநூற்றுப் பன்னிரண்டு நண்டு அளந்தாள். ஒன்றுகூட ஏழு சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. அப்பாவின் வலைக் கண்ணுக்குள் புகுந்து அப்பக்கம் போய்விடக்கூடிய நண்டுகள் இவை. அடுத்த வருஷம் அந்த வலையில் விழ வேண்டியவை.

"என்னம்மா தேடுறே?"

படகு முதலாளி வெற்றிசெல்வன் பின்னால் நின்றிருந்தார். சேரன் ஓட்டுகிற படகும் அவருடையதுதான். அவள் எழுந்து சொன்னாள். அவர் கோபப்படவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தார். இரண்டு பக்கம் புரட்டினார். திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாப் படிச்சிருக்கே. எழுத்து அழகா இருக்கு. டீ குடிச்சியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சேரன் அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"முதலாளி கூப்பிட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"ஒன்னும் சொல்லல. 'ஒன் வீட்டுல நல்ல புத்திசாலிப் பொண்ணுடா. ஆனா எழுதுறது எங்க போயி நிக்கும்னு யோசிக்கணும்'னாரு. அவ்வளவுதான்." ஒரு வாய் அள்ளினான். "பிரியா, நீ அங்கிட்டு ஜெட்டிக்குப் போக வேணாம்."

"போகாம எப்புடிங்க? அதுதான வேலையே."

"தெக்குக் கரையில அளக்குறேல்ல? அது பத்தாதா? சுக்கான் புடிச்சு நாலு மாசம்கூட ஆகல. மறுபடி என்னைய வலை இழுக்கச் சொல்றியா?"

அவர்களுடைய மூன்று வயதுப் பெண் குழந்தை வாசலில் ஒரு காலிப் பெட்டிக்குள் உட்கார்ந்து படகு ஓட்டிக்கொண்டிருந்தது. சேரன் சத்தம் போடுகிறவனாக இருந்திருந்தால் அவளும் சத்தம் போட்டிருப்பாள். அவன் கெஞ்சினான். அதுதான் அவளை முடக்கியது.

போகாமல் இருப்பது ஒரு விஷயம். அன்று சாயங்காலம் டேப்லெட்டில் விசைப்படகுக் கட்டம் திறந்தபோதுதான் இன்னொரு விஷயம் முளைத்தது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. எண் போட வேண்டும், இல்லாவிட்டால் 'பார்க்கவில்லை' என்பதைத் தொட வேண்டும். தொட்டால் உடனே கீழே 'காரணம்' என்று ஒரு பெட்டி திறக்கும். காலையில் அளந்த எண்ணைப் போடத் துணியாமல், அவள் அதில் 'அனுமதி இல்லை' என்று தட்டினாள். அதைப் பார்த்தால் ஆண்ட்ரூஸ் ஃபோன் செய்வார். யார் அனுமதிக்கவில்லை என்று இரண்டு தடவை கேட்பார். அடுத்த வாரமே வந்து ஜெட்டியில் நிற்பார். முதலாளி சேரனைப் பார்ப்பார்.

அழித்தாள். சைபர் போட்டாள். டேப்லெட் ஒரு பச்சை டிக் காட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனது.

அந்த ஒரு வாரத்துக்குத்தான் என்று நினைத்தாள். அடுத்த வாரம் ஏதாவது வழி பிறக்கும் என்று. அடுத்த வாரமும் சைபர். மூன்றாவது வாரம் கை தானாகவே போட்டது. நோட்டில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு நண்டு நோட்டிலேயே இருந்தது. அதை பீரோவில் குழந்தையின் தடுப்பூசி அட்டைக்கு அடியில் வைத்தாள்.

ஆண்ட்ரூஸ் அந்த ஒரு வருஷத்துக்கு மேலான காலத்தில் நாலு தடவை வந்தார். நாலு தடவையும் தெற்குக் கரையில்தான் நேரம் போனது. கவிழ்த்த பெட்டிகளும் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிற மனிதர்களும் அங்கே இருந்தார்கள். ஒரு தடவை மட்டும் டீக்கடையில் நின்றபோது, "விசைப்படகுல நண்டே இல்லையாம்மா?" என்று கேட்டார்.

"அங்கிட்டு இறாலும் மீனுந்தான் சார். நண்டு எப்பவாச்சும் ஒன்னு ரெண்டு கெடக்கும்."

வாய் கூசாமல் வந்துவிட்டது. அவர் தலையாட்டினார். அவரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

பதினாலு மாசம் கழித்து மணமேல்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கம்பெனி ஆட்கள், மீன்வளத் துறையில் இருந்து ஒருவர், இரண்டு கரை ஆட்களும். நண்டு உரிக்கிற பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் தேவிப்ரியாவின் சின்னம்மா சொர்ணமும் இருந்தாள். அம்மா செத்த பிறகு தேவிப்ரியாவை வளர்த்தவள் அவள்தான்.

ஆண்ட்ரூஸ் திரையில் படம் போட்டு விளக்கினார். நல்ல தமிழில், பொறுமையாக. நண்டு குறைந்துகொண்டே வருகிறது. குஞ்சும் சினையும் பிடிபடுவதுதான் காரணம். எங்கே பிடிபடுகிறது? திரையில் சிவப்புக் கம்பம் ஒன்று உயரமாக எழுந்தது. நாட்டுப்படகு நண்டு வலை. அதன் பக்கத்தில் விசைப்படகு என்று எழுதி, தரையோடு தரையாக ஒரு கோடு.

மண்டபத்தில் சலசலப்பு. வடக்குக் கரைக்காரர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாகராசு எழுந்தார்.

"சார், ஒரு கேள்விங்க. எங்க வலையில வந்த சின்ன நண்டை நாங்க மறைக்கல. அடியில கெடந்ததையும் அளக்கக் குடுத்தோம். அது ஒங்க படத்துல செவப்பாத் தெரியுது. சரி, தெரியட்டும். அங்கிட்டு விசைப்படகுல தீப்பெட்டி மாதிரி நண்டு லாரி லாரியா சங்காயத்துல போகுதே, அது எங்கங்க சார்?"

"நீங்க கேக்குறது நியாயமான கேள்விங்கய்யா" என்றார் ஆண்ட்ரூஸ். "அதையும் விடல. வாரத்துக்கு ரெண்டு நாள், பதினாலு மாசம் பார்த்திருக்கோம்." திரையில் ஒரு பட்டியல் வந்தது. தேதிகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மேலிருந்து கீழ்வரை சைபர், சைபர், சைபர். "நேர்ல நின்னு பார்த்தவங்க போட்ட கணக்கு இது."

நாகராசு வாயைத் திறந்தார். நேரில் நின்று பார்த்தவர் யார் என்று அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர் திரும்பி, மூன்றாவது வரிசையில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். அவள் பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை தன் மேல் இருப்பது தெரிந்தது. நிமிரவில்லை.

"என்னண்ணே நிக்கிறீங்க, கேளுங்க" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"சரிங்க சார்" என்றார் நாகராசு. உட்கார்ந்துவிட்டார்.

அவரே உட்கார்ந்ததும் தெற்குக் கரையில் வேறு யாரும் எழவில்லை. நாகராசுக்கே பதில் கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

கம்பெனி மூன்று விதி போட்டது. சினை நண்டு வாங்குவதில்லை. பத்து சென்டிமீட்டருக்குக் கீழே வாங்குவதில்லை. வருஷத்தில் இரண்டு மாசம் யாரும் நண்டு வலை போடக் கூடாது. விதிகளில் தப்பு சொல்ல முடியாது. நாகராசே சினை நண்டைத் திருப்பி விட வேண்டும் என்று பல தடவை சொன்னவர்தான். தெற்குக் கரை முறுமுறுத்தாலும் கட்டுப்பட்டது. பெரிய கண்ணு வலை வாங்கினார்கள். இரண்டு மாசம் படகை ஏற்றிவைத்துவிட்டுக் கட்டட வேலைக்கும் கருவேலம் வெட்டவும் போனார்கள். கறுத்த சினையோடு வந்த நண்டைக் கொடுக்கில் கடி வாங்கிக்கொண்டு பிரித்துக் கடலில் விட்டார்கள்.

அந்த இரண்டு மாசமும் விசைப்படகுகள் போய்க்கொண்டுதான் இருந்தன. நண்டு குஞ்சு வளர்கிற அதே ஆழமில்லாத கடலில் மடிவலையை இழுத்தன. அவற்றுக்கு விதி எதுவும் இல்லை. கணக்கில் சைபர் போட்டிருந்ததே.

மறுபடி நண்டு வலை இறங்கியபோது நண்டு இல்லை. ஒரு வாரம் பார்த்தார்கள், ஒரு மாசம் பார்த்தார்கள். பத்து வலைக்கு நாலு நண்டு, ஐந்து நண்டு. விதியை மதித்தும் இந்தக் கரையில் சரக்கு வரவில்லை என்று கம்பெனி வேறு மாவட்டத்துக்கு வாங்கப் போய்விட்டது. உரிக்கிற கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக்கூடக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். அங்கே வேலை பார்த்த நாற்பது பெண்களில் சிலர் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு மண் சுமக்கப் போனார்கள். சொர்ணம் திருப்பூருக்குப் போனாள். பஸ் ஏற்றிவிட வந்த தேவிப்ரியாவிடம், "ஏன்டி மூஞ்சியை இப்புடி வச்சிருக்க? நீயா போகச் சொன்ன?" என்று கேட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

நாகராசு வடக்குக் கரையில் ஐஸ் கம்பெனியில் சேர்ந்தார். ஐஸ்கட்டியை இயந்திரத்தில் போட்டு உடைத்து, விசைப்படகுகளுக்கு ஏற்றிவிடுகிற வேலை. விடிகாலையில் சங்காயக் குவியல்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அவர் மகளை ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வருவார், பேத்தியைத் தூக்குவார், மாப்பிள்ளையோடு மழையைப் பற்றிப் பேசுவார். அவளோடும் பேசினார். ஆனால் கடலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சின்ன வயசில் இருந்து இன்றைக்குக் காற்று எப்படி, நீர் எந்தப் பக்கம் இழுத்தது, வலையில் என்ன வந்தது என்று அவளிடம் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அவள் ஒரு நாள் சேரனிடம் சொன்னாள். "நான் தூத்துக்குடிக்குப் போயி அந்த சாரைப் பார்க்கப் போறேன்."

சேரனுக்கு எதற்கென்று புரிந்தது. "பொய் எழுதுன்னு நான் சொல்லலையே பிரியா. போகாதேன்னுதான சொன்னேன்."

"ஆமா. நீங்க சொல்லல. நான்தான் எழுதுனேன்."

அவன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எழுத வச்சது நான்னு சொல்லிக்க. முதலாளி பேரைச் சொல்லாத."

"சொல்லாம முடியாதுங்க."

அவன் மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பைக்கில் கொண்டுபோய் விட்டான். திரும்பிப் போகும்போது, "பாத்துப் போ" என்று மட்டும் சொன்னான்.

ஆண்ட்ரூஸின் ஆபீஸ் ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில் இருந்தது. அவள் நோட்டை மேசை மேல் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஜெட்டி, முதலாளி, சேரன், காரணம் என்று திறந்த பெட்டி, டீக்கடையில் சொன்ன பொய். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு நோட்டைத் திறந்து, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். நாலு புள்ளி எட்டு. ஐந்து புள்ளி ஒன்று. நாலு புள்ளி நாலு. அப்படியே பதினொரு பக்கம்.

"இந்த ஒரு நாள் எனக்குக் கெடைச்சிருந்தா" என்றார். முடிக்கவில்லை.

"மன்னிச்சிருங்க சார்."

"ஒன்னை மட்டும் சொல்லி என்ன பண்றது?" கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "பதினாலு மாசம் ஒரு எடத்துல சைபர் மட்டுமே வருதுன்னா, கடல்ல அப்படி வராதும்மா. ஒரு நாள் ஒன்னு வரும், ஒரு நாள் பத்து வரும். அத்தனை சுத்தமா ஒரு கணக்கு இருந்தா அதுல கோளாறு இருக்குன்னு நான் மத்தவங்களுக்குப் பாடம் நடத்துறவன். தெக்குக் கரை டேட்டா அவ்வளவு நல்லா இருந்துச்சு, அதுல மயங்கிட்டேன். ஒரு நாள் விடிய எந்திரிச்சு அந்த ஜெட்டிக்கு நடந்திருக்கலாம். லாட்ஜுல தூங்கிட்டிருந்தேன்."

நடந்ததை அவளிடம் எழுதி வாங்கிக்கொண்டு, நோட்டை நகல் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கே கம்பெனிக்கும் துறைக்கும் கடிதம் அனுப்பினார், தன் பெயரையும் சேர்த்து, முடிவு தவறு என்று. ஒரு மாசம் கழித்துப் பதில் வந்தது. மதிப்பீட்டுக் காலம் முடிந்துவிட்டது. கடிதம் அறிக்கையோடு பின்னிணைப்பாகச் சேர்க்கப்படும். நிதி கிடைத்தால் விசைப்படகுகளைத் தனியாக ஆய்வு செய்யலாம். அந்தக் கரையிலிருந்துதான் இப்போது நண்டே வாங்குவதில்லையே என்று கம்பெனி ஒரு வரி சேர்த்திருந்தது.

அவள் எழுதிக் கொடுத்த விஷயம் எப்படியோ ஜெட்டிக்கும் வந்து சேர்ந்தது. வெற்றிசெல்வன் அப்போதும் சத்தம் போடவில்லை. தன் படகுக்கு வேறு டிரைவர் பார்த்துக்கொண்டார். சேரன் இன்னொருவர் படகில் மறுபடி வலை இழுக்கப் போனான். கை இரண்டும் பழையபடி வெடித்துப் போயின. சாயங்காலம் அவள் தேங்காய் எண்ணெய் தடவிவிடும்போது கையை நீட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். கோபமா, வருத்தமா, அவளுக்குக் கடைசிவரை பிரித்தறிய முடியவில்லை.

அப்பாவிடம் சொல்வதுதான் பாக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தெற்குக் கரைக்குப் போனாள். நாகராசு தன் படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார். படகு கவிழ்ந்து கிடந்தது. அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, தூத்துக்குடியில் சொன்ன அத்தனையையும் சொன்னாள். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், முடியவில்லை.

"தெரியும்த்தா" என்றார் நாகராசு.

"மண்டபத்துலயே தெரியுமாப்பா?"

"நீ ஜிப்பைப் பாத்துக்கிட்டு இருந்தேல்ல. அப்பவே தெரிஞ்சிருச்சு. சின்னப் புள்ளையில பாத்திரத்தை ஒடச்சுட்டு அப்புடித்தான் உக்காந்திருப்பே."

"அப்பவே கேட்டிருக்கலாம்லப்பா. எல்லாரு முன்னாடியும் கேட்டிருக்கலாம்ல."

அவர் கைப்பிடி மணலை அள்ளி, விரல் இடுக்கில் கொட்டினார்.

"அதைத்தான் நானும் நெனச்சுக்கிட்டே கெடக்கேன். 'இந்தக் கணக்கு பொய்யி, எம்மக போட்டது பொய்யி'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த சாரு மறுநா காலையில ஜெட்டிக்குப் போயிருப்பாரு. நல்ல மனுசன், போயிருப்பாரு. அறுபது படகு. பெட்டியைக் கவுத்துங்கன்னு அவுங்ககிட்டச் சொன்னது நான். எனக்காகத்தான் கவுத்துனாங்க. கேக்குற நேரத்துல எம்மக மானம் பெருசாத் தெரிஞ்சுச்சு, உக்காந்துட்டேன்." உள்ளங்கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார். "நீ புருசனுக்காகச் செஞ்ச. நான் ஒனக்காகச் செஞ்சேன். உக்காந்திருக்கக் கூடாது. ஒம்மேல கோவம்னு நெனச்சிருப்ப. ஒன் மூஞ்சியைப் பாத்தா எனக்கு அந்த மண்டபம்தான் ஞாபகம் வருது. அதான் பேச்சு வரல."

கடலில் தண்ணீர் வற்றி, தூரத்தில் சேறு மின்னிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் தெற்குக் கரைக் கூட்டத்தில் நாகராசு எழுந்து இரண்டையும் சொன்னார், மகள் செய்ததையும் தான் செய்ததையும். தேவிப்ரியாவும் கூடவே போய் நின்றாள். யாரும் அடிக்க வரவில்லை. ஒரு பெரியவர் மண்ணைப் பார்த்துக் காறித் துப்பினார். "ஒங்களை நம்பித்தானண்ணே" என்று ஒருவர் ஆரம்பித்து, முடிக்காமல் எழுந்து போனார். பல மாசம் அந்தக் கரையில் அவர்களோடு யாரும் சரியாகப் பேசவில்லை. சண்டையும் போடவில்லை. ஆனால் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். பதினைந்து பேர் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொண்டுபோனார்கள். நோட்டின் பதினொரு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு இணைத்தார்கள். நோட்டைக் கேட்டு தேவிப்ரியாவின் வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு போனார்.

மனு கொடுத்து எட்டு மாசம் கழித்து, விசைப்படகுத் தடைக்காலம் முடிந்த ஜூன் மாசத்தில் ஒரு புதுக் குழு வந்தது. இந்தத் தடவை துறை ஆட்கள் கூடவே ஜெட்டியில் நின்றார்கள். அளப்பதற்கு ஜெனிஷா என்று ஒரு பெண்ணை வெளியூரில் இருந்து அழைத்து வந்திருந்தார்கள். முடிவு வர இரண்டு வருஷம் ஆகும் என்றார்கள். தேவிப்ரியாவை அவர்கள் கேட்கவில்லை. அவளும் போகவில்லை. மணமேல்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

திருப்பூரில் இருந்து சொர்ணம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபோன் பண்ணுவாள். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை. மேஸ்திரி எப்படி, ஹாஸ்டல் சாம்பார் எப்படி என்றெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு நாள் கேட்டாள்.

"ஏன்டி, ஊருல இப்ப நண்டு இருக்கா?"

"இருக்கு சின்னம்மா. கம்மியா இருக்கு."

"கம்மின்னா? எம்புட்டுக் கம்மி?"

ஒரு காலத்தில் தேவிப்ரியா தசமப் புள்ளி வைத்துச் சொல்லியிருப்பாள்.

"தெரியல சின்னம்மா. நான் இப்பப் பாக்குறதில்ல."

அந்தப் பக்கம் மெஷின் சத்தமோ மின்விசிறிச் சத்தமோ கேட்டுக்கொண்டிருந்தது.

"என் கையில நண்டு நாத்தம் போயிருச்சுடி" என்றாள் சொர்ணம். "எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சாலும் போகாம இருந்துச்சே, பதினெட்டு வருசமா. இப்ப மோந்து பாத்தா ஒன்னும் இல்ல. துணி வாடைதான் அடிக்குது."

"நல்லதுதான சின்னம்மா."

"நல்லதுதான்" என்றாள் சொர்ணம்.